கீழே இறங்கும் பஸ்

ராஜாக்கண்ணு பானெட்டைத் திறந்ததுமே அவர் மனைவி சகுந்தலா முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம்வரை மலைப்பாதையில் இறங்கியாக வேண்டும். பழைய அம்பாசிடரோ காலையிலிருந்து கிளம்புவேனா என்கிறது.

"இன்னாங்க ஆச்சு?"

"சோக் இழுத்தும் புடிக்கல. கார்புரேட்டர்ல அடைப்பு போல."

அவர் கை டிஸ்ட்ரிபியூட்டர் மூடிப் பக்கம் போனபோது அவள் அவசரமாக அதைப் பிடித்து இழுத்தாள்.

"அதெல்லாம் நோண்டாதீங்க. தோ, பஸ் வருது. அதுல போய்ட்டு மெக்கானிக்க அனுப்பலாம்."

உடனே அவர் பானெட்டை மூடியது அவளுக்கே ஆச்சரியம்.

முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியதும் சகுந்தலாவுக்கு மனசு கேட்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டார். அது இல்லாமல் இன்ஜின் பிடிக்காது. சந்தையில் நிறுத்தினால், வண்டி திருடு போகாமலிருக்க அவரே கழற்றிப் பையில் போட்டுக்கொள்வதுதான்.

"நேத்து ஏறும்போது இதே வளைவுல உங்களுக்குக் கண்ணு இருட்டினு வந்துச்சே, நான் பார்த்தேங்க. மறுபடி நீங்க ஓட்டினா பயத்துலயே செத்துருப்பேன்."

ராஜாக்கண்ணு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே, கார்புரேட்டரிலிருந்து அவரே கழற்றி வைத்த பித்தளை ஜெட். அது இல்லாமலும் இன்ஜின் பிடிக்காது.

"உன்ன பக்கத்துல வெச்சிக்கினு ஓட்ட, எனக்கு மட்டும் பயமில்லையா?"