மூன்று பெண் தத்துப்பூச்சிகள்

குருவி எழுதிய கட்டுரை நெட்டையிடமே மதிப்பீட்டுக்கு வந்து சேர்ந்தது. படித்துக் கருத்து எழுதும்படி ஆய்வுப் பத்திரிகையிலிருந்து கேட்டிருந்தார்கள். மதிப்பிடுகிறவர் பெயர் ரகசியமாக இருக்கும்.

நெட்டை அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படித்தாள்.

புதிய தத்துப்பூச்சி இனம். அரிசிமணி அளவு, தளிர்ப் பச்சை, இறக்கையில் குறுக்கே மூன்று செங்கோடு. கிடைத்திருப்பது ஒரே ஓர் ஆண். கோட்டுப்படங்கள் அழகாக இருந்தன. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. இந்தப் பட்டப்பெயர்களும் அங்கே ஒட்டிக்கொண்டவைதான். இப்போது அதே கல்லூரியின் பூச்சியியல் துறையில் எதிரெதிர் அறை. நடுவில் பொது அறை. சுவர் முழுக்க ஊசி குத்திய பூச்சிகளின் பெட்டிகள்.

முப்பது வருஷமாக நெட்டை தடுக்கி விழுந்த இடங்களையெல்லாம் குருவி தத்தித் தாண்டியிருந்தாள். பட்டம் முதலில் அவளுக்கு. வேலை முதலில் அவளுக்கு. வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றபோதும் அவளைத்தான் அனுப்பினார்கள்.

இப்போது இந்தப் பூச்சியும்.

இதை ஆறு வருஷத்துக்கு முன்பே நெட்டை பிடித்திருந்தாள். மூன்று பெண். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, வலை வீசிப் பிடித்தவை. ஊசி குத்திப் பெட்டியில் வைத்து, 'புதிதாக இருக்கலாம்' என்று சீட்டும் எழுதினாள். அப்புறம் அம்மா படுத்த படுக்கையானாள். மகளுக்குப் பரீட்சை. கட்டுக் கட்டாக விடைத்தாள். பெட்டி பொது அறையில் அப்படியே கிடந்தது.

பிடித்தவருக்குப் பெருமை கிடையாது. முதலில் விவரித்து அச்சில் கொண்டுவருகிறவரின் பெயர்தான் இனத்தின் பெயருக்குப் பின்னால் காலத்துக்கும் நிற்கும்.

பெட்டியைத் தேடி எடுத்துவந்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தாள். மூன்றும் ஒரு கால்கூட உதிராமல் இருந்தன. பெண்ணுக்கு இறக்கையில் இரண்டே கோடு. மற்றபடி அதே பூச்சி.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குறை தேடினாள். நாற்பத்தொன்று கிடைத்தது. இறக்கை நரம்பு ஒன்று கிளை பிரியும் இடம் தவறு. பின்னங்கால் முள்ளின் எண்ணிக்கை தவறு. எல்லாவற்றையும் எழுதி, பெண் பூச்சியைச் சேர்க்காமல் இதை வெளியிடக் கூடாது என்று முடித்தாள்.

எழுதியதில் பொய் எதுவும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆறு மாதம் கிடைத்தால் போதும். தன் பூச்சிகளைத் தானே விவரித்து வேறு பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம்.

கட்டுரை திரும்பி வந்த அன்று துறையே குருவியிடம் துக்கம் விசாரித்தது. கல்யாணமாகாத ஆம்பளைக்கு வீடு கொடுக்கத்தான் யோசிப்பார்கள், பூச்சிக்குமா என்று ஆய்வக உதவியாளர் அங்கலாய்த்தார். நெட்டையும் தன் பங்குக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள். மதியச் சாப்பாடு அன்று வழக்கத்தைவிட ருசியாக இருந்தது.

சாயங்காலம் குருவி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கையில் மதிப்பீட்டுக் கடிதம்.

"நாப்பத்தொண்ணுல நாப்பது சரிடி. அந்த நரம்பு அப்படியே அச்சாகியிருந்தா என் மானம் போயிருக்கும். என் எழுத்தை இவ்வளவு கவனமா இதுவரைக்கும் யாரும் படிச்சதில்லை."

நெட்டை விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு மட்டும் இடிக்குது." குருவி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். "'பெண்ணுக்கு இரண்டு கோடுகளே உண்டு என்பதைக் கட்டுரையாளர் அறியவில்லை.'"

கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதோட பெண்ணைப் பத்தி உலகத்துல யாருமே இன்னும் எழுதலை. பிடிச்சு வெச்சிருக்கிறவ ஒருத்திதான்."

நெட்டை கடிதத்தை எட்டிப் பார்த்தாள். குறை தேடிய வேகத்தில், தெரிந்ததையெல்லாம் கொட்டியபோது விழுந்த வரி அது. இனி மறைக்க வழியில்லை என்றானதும் கோபம்தான் கைகொடுத்தது.

"ஆமா, நான்தான். அது என் பூச்சி. உனக்கு முன்னாடியே பிடிச்சது. எல்லாத்தையும் நீயே அள்ளிக்கிட்டே, இது ஒண்ணையாவது எனக்கு விட்டிருக்கக் கூடாதா?"

"அஞ்சு வருஷம் விட்டேனே. நீ எழுதுவே எழுதுவேன்னு பார்த்தேன். ரெண்டு தடவை ஜாடையா கேட்டும் பார்த்தேன். பார்க்கலாம் பார்க்கலாம்னே. பொறுமை போய்த்தான் போன வருஷம் நானே காட்டுக்குப் போனேன்."

நெட்டை நிமிர்ந்தாள். பூச்சி பிடித்ததை அவள் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

"என்கிட்ட இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாம என் பெட்டியைத் திறந்தியா?"

"திறந்தேன்" என்றாள் குருவி. "மூணு மாசத்துக்கு ஒரு தடவை. அந்த வரிசையில மத்த பெட்டியெல்லாம் வண்டு அரிச்சுப் பொடியாப் போச்சு. உன்னுதுல மட்டும் அந்துருண்டை தானா முளைக்குதுன்னா நினைச்சே?"