கும்பிடு பொம்மைக்குப் பதிலாக

மண்ணரைத் துணை சுகாதார நிலையத்தில், தடுப்பூசிப் பெட்டிமேல் சாய்த்து வைத்த செல்போனில், மதுமதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவு ஓடுகிறது. மாவட்ட அலுவலகத்தில் இருக்கும் அந்தப் பெண்ணை நர்ஸ் ஞானாம்பாள் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் இன்று அவளுக்குச் சளி கட்டியிருப்பது குரலிலேயே தெரிகிறது. "ஏனுங்கக்கா, காலைல குரூப்புல கவர்மெண்ட் சர்க்குலர் போட்டேன். எல்லாரும் கும்பிடு பொம்மை போட்டீங்க, ஒருத்தருமே படிக்கலீங்க. அதான் வாயிலயே சொல்றேன். வெளியூர்ல பதிஞ்ச கொழந்தைக்கும் இனி இங்கயே ஊசி போடலாமுங்க." ஞானாம்பாளுக்குக் காது சூடாகிறது. முதல் கும்பிடு அவளுடையதுதான். எதிரே, தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டிய விஜயராணி, மடியில் குழந்தையும் காலடியில் பஸ்ஸுக்குக் கட்டிய பையுமாக உட்கார்ந்திருக்கிறாள். ஊசி உங்கூரில்தான் என்று சற்றுமுன் அவளிடம் சொன்னதும் இதே ஞானாம்பாள்தான். "அப்ப நான் ஊருக்குப் போவ வேண்டாமாக்கா?" "வேண்டாங் கண்ணு. பையை ஓரமா வை." பெட்டிக்குள் ஐஸ் உரசுகிறது, ஜன்னலுக்கு வெளியே பனியன் கம்பெனியின் தையல் மிஷின்கள் இரைகின்றன. ஊசி இறங்கியதும் குழந்தை ஒரு நொடி யோசித்துப் பார்த்துவிட்டு, மிஷின் சத்தத்தையே அமுக்கும்படி வீறிடுகிறது. ஞானாம்பாள் போனை அதன் வாயருகே பிடித்து, அந்த அழுகையை அப்படியே பதிந்து, கடைசியில் தன் குரலையும் சேர்த்து மதுமதிக்கு அனுப்புகிறாள்: "இதாங் கண்ணு நம்ம பதிலு. நீ கஷாயம் வெச்சுக் குடி."