நாற்பத்து மூன்று கிலோ

“முடியாது. கெஞ்சினாலும் முடியாது, கொஞ்சினாலும் முடியாது.”

“ஒரே ஒரு தடவை, டாக்டர். தூக்கி, உடனே இறக்கி வச்சுடறேன்.”

“தம் பிடிக்காம உன்னால ஒரு பேனாவைக்கூடத் தூக்க முடியாது. பேசாம படு.”

அவள் படுத்தாள். டாக்டரம்மா அவளது இடது விலாவின் கீழ் குளிர்ந்த பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை மெல்ல நகர்த்தினார்.

பளுதூக்கும் பெண். பயிற்சிக்கூடத்தில் அவளுக்கு ‘கிரேன்’ என்றுதான் பெயர். மூன்று மாதங்களுக்கு முன் தொண்டை வலி என்று வந்தாள். கழுத்தில் இருபுறமும் நெறி கட்டியிருந்தது. மோனோ என்கிற வைரஸ் காய்ச்சல். காய்ச்சல் சீக்கிரமே போய்விட்டது. அது விட்டுப்போன அசதி மட்டும் போக மறுத்தது. அதோடு வந்த மண்ணீரல் வீக்கமும் வடியவில்லை.

“இங்க பாரு.” டாக்டரம்மா திரையைத் திருப்பினார். இருட்டுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பிறை, அவளது மூச்சுக்கேற்ப ஏறி இறங்கியது. “உள்ளங்கைக்குள்ள அடங்க வேண்டியது இது. இப்ப விலாவுக்கு வெளிய எட்டிப் பார்க்குது. நீ முக்கித் தூக்கினா பழுத்த தக்காளி மாதிரி வெடிச்சாலும் வெடிக்கும்.”

கிரேன் கண்கொட்டாமல் பார்த்தாள்.

“இத்தனை வருஷமா எனக்குள்ள இப்படி ஒண்ணு இருந்திருக்கு. ஒரு தடவைகூட கூப்பிட்டதில்ல பாருங்க. தூங்குற குழந்தை மாதிரி இருக்கு.”

டாக்டரம்மாவும் திரையைப் பார்த்தார். தினமும் பார்க்கிற உறுப்புதான். இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலிருந்தது.

போன வருடம் நடந்த போட்டியில் மேடையோரம் முதலுதவிப் பெட்டியோடு நின்றவர் அவர். அன்று இரும்புக் கம்பி இருபுறமும் வில்லாக வளைந்ததையும், அரங்கமே மூச்சை நிறுத்தியதையும், தன் தோளுக்குக்கூட எட்டாத இந்தப் பெண் அத்தனை பாரத்துக்கும் கீழே, ஏதோ குடை பிடித்திருப்பவள்போல அமைதியாக நின்றதையும் அவரால் மறக்க முடியவில்லை. கைதட்டல் ஓய்ந்த பிறகுதான், பெட்டியை எப்போதோ கீழே வைத்துவிட்டது அவருக்கே தெரிந்தது.

“வர்ற வழியில மாடிப்படியில உக்காந்துட்டியாமே? வெளிய சொன்னாங்க.”

“அசதியில உக்காரலை டாக்டர். படி நல்லா இருந்துச்சு, பார்த்துட்டிருந்தேன்.”

“கிரேன் ரிப்பேர்னு ஒத்துக்கோயேன்.”

“ரிப்பேர் எல்லாம் இல்ல. டீசல்தான் இல்ல.” சிரித்தவளுக்குச் சிரிப்பை முடிக்கும் முன்பே மூச்சு வாங்கியது. “காலைல தலை சீவறேன், பாதியிலேயே கை கனத்துப்போகுது. மிச்சத்தை மத்தியானம் சீவிக்கிறேன். ஒரு சீப்பு இவ்வளவு கனம்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.”

டாக்டரம்மா பசையைத் துடைத்துவிட்டு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்தக் காய்ச்சலோட எத்தனையோ பேர் என்கிட்ட வந்திருக்காங்க. நடன்னு சொன்னா ஓடுவாங்க. ஓடிட்டு வந்து திரும்பவும் படுத்துப்பாங்க. உடம்பு சொல்றதைக் கேக்குற பொறுமை விளையாட்டுக்காரங்களுக்குக் கிடையாது. ஆனா நீ வேற மாதிரி இருக்க. முதல் தடவை வந்தப்ப அறுபது கிலோ தூக்கலாமான்னு கேட்ட. முடியாதுன்னேன். அடுத்த தடவை ஐம்பத்திரண்டுக்கு இறங்கின. இன்னிக்கு நாற்பத்து மூணு. ஆசையை இப்படிப் படிப்படியா இறக்கத் தெரிஞ்ச ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல. நிஜமா சொல்றேன், மேடையில நீ தூக்கினதைவிட இதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது.”

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி பிடித்துக் காய்த்திருந்த தோல் இப்போது செதில் செதிலாக உரிந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது.

“இன்னும் எவ்வளவு நாள் ஆகும், டாக்டர்?”

“அடுத்த மாசம் வா. சுருங்கியிருந்தா வெறும் கம்பியில ஆரம்பிக்கலாம். எதுக்கு அவசரம்? போட்டி எங்கயும் ஓடிப் போயிடாது. மேடையும் அங்கேயேதான் இருக்கும்.”

“அதெல்லாம் இருக்கும்,” என்றாள் அவள்.

“பின்ன என்ன? முகத்தைத் தொங்கப் போடாத. ஆமா, அதென்ன நாற்பத்து மூணுன்னு காய்கறிக் கடைக் கணக்கு? அடுத்த மாசம் முப்பத்தஞ்சுன்னு வந்து நிப்பியா?” டாக்டரம்மா சிரித்தபடியே மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

கிரேன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அதற்கே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

“நான் எதையும் குறைக்கலை, டாக்டர். பள்ளிக்கூடம் போற வயசுலேர்ந்து, படுத்த படுக்கையா இருக்கிற எங்கம்மாவை தினம் தூக்கி ஜன்னலோரம் உக்கார வைப்பேன். அப்படித் தூக்கித் தூக்கி வந்த தோள்தான் இது, கம்பியெல்லாம் அப்புறம் வந்ததுதான்.”

பேனா பாதி எழுத்தில் நின்றது.

“எனக்குக் காய்ச்சல் வந்ததிலேர்ந்து அம்மா வேற யாரையும் தூக்க விட மாட்டேங்கிறாங்க, சாப்பாடும் இறங்கலை. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வர்ற நர்ஸ் பார்த்துச் சொல்ற அவங்க எடையைத்தான் உங்ககிட்ட வந்து கேட்டேன். முப்பத்தஞ்சு ஆகுறதுக்குள்ள ஒரே ஒரு தடவை தூக்கிக்கட்டுமா, டாக்டர்?”