தேயிலைப் பெட்டியில் நாலு முட்டை

அடைகாக்கத் தொடங்கிப் பதினெட்டாம் நாள் விடிந்தும் குஞ்சு பொரியாவிட்டால் இரண்டு புறாக்களும் குழம்பில் வேகும் என்று, கிணற்றடியில் பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டாள் பஞ்சம்மாள்.

அன்று முதல் அவளுடைய கணவன் கர்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவை விலைக்கு வாங்கிய புறாக்கள் அல்ல. ஆறு மாதத்துக்கு முன் அவன் கல்யாணத்தில், மேகமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கூட்டாளி வீரபாண்டி, மொய்ப்பணத்துக்குப் பதிலாக மணமக்கள் கையில் கொடுத்துவிட்டுப் போன ஜோடி. கல்யாணச் சீரைக் குழம்பு வைத்துத் தின்றவன் என்ற பெயரோடு போடியில் எப்படி நடமாடுவது?

பஞ்சம்மாள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. காயப்போட்ட வற்றலில் எச்சம், துவைத்து உலர்த்திய சேலையில் எச்சம். முட்டையோ, இரண்டு தடவை இட்டு இரண்டு தடவையும் கூமுட்டையாகப் போனது.

மூன்றாம் தடவைதான் அதிசயம் நடந்தது. கூரைக்குக் கீழே கட்டியிருந்த தேயிலைப் பெட்டியில் நாலு முட்டைகள். ஊரில் உள்ள புறாவெல்லாம் இரண்டு இடும்போது தன் புறா மட்டும் நாலு இட்டதைக் கர்ணன் தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்தான்.

ஐந்தாம் நாள், கடைவீதி ஜெபமணி நாலு செல் டார்ச் விளக்கோடு வந்தார். இருபது வருஷமாகப் புறா வளர்ப்பவர். குதிர் இருந்த அறையின் கதவைச் சாத்தி, முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கின் முன் பிடித்துப் பார்த்தார். கடைசி முட்டையைப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார்.

"ஏலே கர்ணா, கருக்கூடின முட்டைன்னா இந்நேரம் செவப்பு நரம்பு ஓடியிருக்கணும். இது இளநித் தண்ணி மாதிரி தெளிஞ்சு கெடக்கு."

"நாலுமா அண்ணாச்சி?"

"நாலும்தான். ரெண்டும் பொட்டைப் புறாலே. ஆளுக்கு ரெண்டு முட்டை போட்டிருக்கு. வீரபாண்டி, அக்காளுக்கும் தங்கச்சிக்குமா கல்யாணம் பண்ணி வச்சிருக்கான்."

அழுவதா சிரிப்பதா என்று கர்ணனுக்குத் தெரியவில்லை. கல்நெஞ்சுக்காரியிடம் கெஞ்சிப் பயனில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை ஜெபமணியின் மாடிக்குப் போய், அதே ஐந்தாறு நாள் அடைகாத்த நல்ல முட்டைகள் இரண்டை இரந்து வாங்கினான். வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவரிடம் சத்தியமும் வாங்கினான். முட்டைகளின் சூடு ஆறாதிருக்கத் தலைப்பாகைக்குள் பொதிந்துகொண்டு, பூரண கும்பம் சுமப்பவனைப் போல வீடுவரை நடந்தான்.

வாசலிலேயே பஞ்சம்மாள் பிடித்துக்கொண்டாள். கழுத்து ஏன் விறைத்து நிற்கிறது என்று கேட்டாள். சுளுக்கு என்றான். அப்படியானால் தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். அவன் கழுத்தை அசைக்காமலே ஓட்டமெடுத்தான். எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் பின்னாலேயே வைக்கோல் போரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றாள்.

அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் கர்ணன் பெட்டியிலிருந்து இரண்டு வெறும் முட்டைகளை எடுத்துவிட்டு நல்லவற்றை வைத்தான். பொரிக்கும்வரை பெட்டிப் பக்கமே தலைகாட்டாதே என்று ஜெபமணி எச்சரித்திருந்ததால் அப்புறம் எட்டிப்பார்க்கவும் இல்லை.

பதினெட்டாம் நாள் விடியும்போதே பஞ்சம்மாள் அம்மியில் மசாலா அரைக்க உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டு மொக்கம்மாள், கேட்டு வாங்குவது அழகில்லை என்று சொல்லிக்கொண்டே, கையில் கிண்ணத்தோடு வந்து நின்றாள். பாதித் தெரு கூடிவிட்டது.

கர்ணன் ஏணியில் ஏறினான். பெட்டிக்குள் கையை விட்டான்.

"ஒரு குஞ்சு" என்றான். பிறகு, "ரெண்டு." பெருமூச்சு விட்டுக் கையை எடுக்கப் போனவன் விரலில் இன்னும் ஏதோ நெளிந்தது. "மூணு" என்றான் குரல் மாறி. "நாலு."

கூட்டம் கூச்சலிட்டது. கர்ணன் கை இன்னும் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"இன்னும் ரெண்டு முட்டை கெடக்கு" என்றான்.

மொக்கம்மாள் கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரல் மடக்கிப் பார்த்தாள். "நாலு முட்டையில நாலு குஞ்சு பொரிஞ்சு, அதுக்கப்புறமும் ரெண்டு முட்டை மிச்சமா? இது எந்தூரு கணக்குடி ஆத்தா?"

பஞ்சம்மாள் நிமிரவே இல்லை. அரைத்த மசாலாவை வழித்துக் கத்திரிக்காய்ச் சட்டியில் போட்டாள்.

கர்ணன் ஏணியிலிருந்து இறங்கிய வேகத்தில் கடைவீதிக்கே ஓடினான். ஜெபமணி தராசைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு சத்தியம் வாங்கிட்டீக. நான் யாருகிட்டன்னு சொல்லுவேன்?"

"ரெண்டு பேரா? இன்னொண்ணு யாரு அண்ணாச்சி?"

"அன்னைக்கு நாம முட்டை பார்த்ததைக் கதவுக்கு வெளிய நின்னு கேட்டிருக்கு உன் பொஞ்சாதி. நீ வந்து போன மறுநாளே எங்கிட்ட வந்து மடியில ரெண்டு முட்டையைக் கட்டிக்கிட்டுப் போயி, எதையும் எடுக்காம இருந்ததோட இருந்ததா வச்சிருச்சு. போகும்போது சொல்லிச்சு, 'நான் எரக்கப்பட்டது அவுகளுக்குத் தெரிய வேணாம் அண்ணாச்சி, தெரிஞ்சா நாளைக்கே பத்து ஜோடியோட வந்து நிப்பாக'ன்னு."