நோன்பு திறக்க ஆறே முக்கால்

பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிப்பதற்காக அரசாங்கம் ஆண்டுக்கு ஒரு மணி நேரம் கடிகாரத்தை முன்னே தள்ளியதில், இந்தக் கோடையோடு ஐந்து மணி நேரம் சேர்ந்துவிட்டது. ஆம்பூர்ச் செருப்பு ஆலையில், மாலை ஆறே முக்காலுக்கு, உச்சி வெயிலில் மேலாளர் நோன்புக் கஞ்சியோடு தையல்காரர் ஜகுபரிடம் வந்தார்.

"திறங்க ஜகுபர் பாய். பத்து நிமிஷம்தான் இடைவேளை."

"சார், சூரியன் தலைக்கு மேல நிக்குது."

"ஒப்பந்தம் போட்டப்போ நீங்கதானே ஆறே முக்கால்னு கேட்டீங்க? ஒரு நிமிஷம்கூட நாங்க மாத்தலையே!"

ஜகுபர் பத்து நிமிடம் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணியடித்ததும் கிண்ணத்தை எடுத்துப் போய்விட்டார்கள்.

இரவு பதினொன்றே முக்காலுக்குப் பொழுது சாய்ந்து, பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. இடைவேளைதான் முடிந்துவிட்டதே, தையல் இயந்திரத்தைவிட்டு எழ முடியாது. ஜகுபர் பிஸ்மி சொல்லி, மேலுதட்டு வியர்வையை நாக்கால் தொட்டு நோன்பு திறந்தார்.