கழகத்தை வாங்க வந்தவர்

“வங்கிப் புத்தகத்தில கிடக்கிறது இவ்வளவும்தானோ, தம்பி?”

கிறகரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். முப்பது வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர். ஆளின் செருப்பைப் பார்த்தே சட்டைப்பையில் எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் பெயர். எதிரே கதிரை நுனியில் இருந்த இன்ஸாப்பின் செருப்பில் இரண்டு தையல்.

“ஓம் ஸேர். ஒண்டரை லட்சம். மிச்சத்தை ஒரு வருசத்தில தந்திருவன்.”

சண்டை முடிந்து இரண்டு வருடம். மன்னார்த் தீவின் அந்தக் கரையோர ஊருக்குச் சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. உதயதாரகை உதைபந்தாட்டக் கழகம்தான் மூச்சுத் திணறியது. புதுப் பந்து வாங்கக்கூட வழியில்லை. யாருக்காவது விலைக்குக் கொடுத்துவிடுவது என்று கூட்டத்தில் முடிவாயிற்று. வாங்க வருகிறவர்களின் கைப்பலத்தை எடைபோடும் வேலையைத் தலைவர் கிறகரி தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

“என்ன தொழில்?”

“கருவாட்டு வியாபாரம். புத்தளத்தில செஞ்சனான். இப்பதான் சொந்த ஊருக்கு வந்திருக்கிறம்.”

“வீடு?”

“தகரக் கொட்டில்.”

“கடன் கிடன்?”

“ஒருத்தருக்கும் ஒரு சதம் குடுக்கத் தேவையில்லை, ஸேர்.”

“அப்ப, உங்களை நம்பி ஒருத்தரும் கடன் தரேல்ல எண்டுதானே கருத்து?” கிறகரி தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

இன்ஸாப்பும் சிரித்தான். “பொடியள்ட விளையாட்டு நிக்கக் கூடாது, ஸேர். அதுக்காகத்தான் கேக்கிறன்.”

“ஆசை வேற, கையிருப்பு வேற, தம்பி. யோசிச்சுச் சொல்லுறன்.”

யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை. அன்று பின்னேரமே ‘சரிவராது’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் கனடாவிலிருந்து வந்திருந்த ரெக்சன் குளிரூட்டிய வான் வண்டியில் வந்து இறங்கினார். கேட்டது பத்து லட்சம்; அவர் பதினைந்து தருவதாகச் சொன்னார். அவரிடம் கிறகரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குளிர்சோடா வாங்கிவர ஆள் அனுப்பினார்.

“எனக்கு எல்லாம் சரி, அங்கிள்,” என்றார் ரெக்சன். “கிறவுண்டின்ர காணி உறுதிப் பத்திரத்தை மட்டும் ஒருக்காக் காட்டுங்கோ. லோயர் பாக்கோணுமாம்.”

கிறகரி இந்த ஊருக்குக் குடிவந்து பதின்மூன்று வருடம். அதற்கு முன்பிருந்தே பொடியன்கள் அங்கேதான் பந்தடித்தார்கள். உறுதியைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.

“அதுக்கென்ன, நாளைக்கே கந்தோரில பிரதி எடுத்துத் தாறன்.”

காணிப் பதிவுக் கந்தோரில் எழுதுவினைஞர் சிவலட்சுமி தடித்த புத்தகத்தைப் புரட்டினாள். பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ஐயா, இது கழகத்தின்ர காணி இல்லையே. ஹுசைன் எண்டவற்ற பேரில இருக்கு. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை வெளியேத்தேக்க ஊரை விட்டுப் போன ஆக்கள். இப்ப மகன் இன்ஸாப் வந்து நிக்கிறார். போன மாதம் பிரதி எடுத்தவர்.”

கிறகரி புத்தகத்தின்மேல் குனிந்தார். “காணியைத் திருப்பி எடுக்கவோ?”

“நானும் அப்பிடித்தான் கேட்டனான். ‘வாப்பாட காணிதான் அக்கா. ஆனா விளையாடுற பொடியள எப்பிடி எழுப்புறது? கழகத்தையே விலைக்குக் கேட்டுப் பாக்கப்போறன். தந்தாங்களெண்டா, ஒரு மூலையில வீட்டைக் கட்டிட்டு மிச்சத்தை விளையாட விட்டிருவன்’ எண்டார்.”

சிவலட்சுமி புத்தகத்தை மூடினாள்.

“என்ன நடந்துதோ தெரியாது. நேற்று வந்து, முழுக்காணிக்கும் வேலி அடைக்கோணும் எண்டு நில அளவையாளரின்ர போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.”