டைனமோ வெளிச்சம்

மழை இருட்டிக்கொண்டு வருகிற பின்னேரம். செல் குண்டடிக்குத் தப்பிப் பள்ளிக்கூடமொன்றுக்கு இடம்மாறி வந்திருக்கிற பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் தவராசாவின் குழந்தைக்கு ஊசி ஏற்ற நரம்பு தெரியவில்லை. அதனால் அவன் தன் சைக்கிளை வகுப்பறை வாங்குகளுக்கு நடுவே கவிழ்த்து நிறுத்தி, குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றுகிறான். டைனமோ சில்லில் உரசி இரைகிறது. வயரில் நீட்டிய சைக்கிள் லைற்றை மனைவி பிடித்திருக்க, தாதி கனகாம்பிகை சேலைன் ஊசியோடு குனிகிறாள். வயிற்றோட்டத்தில் துவண்ட பிள்ளை காலையிலிருந்து அழவே இல்லை. முதல் குத்துக்கும் சத்தம் இல்லை. தவராசா காதைத் தீட்டிக்கொண்டு சுற்றுகிறான். இந்த இரைச்சலில்தான் கேட்கவில்லையோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. மெதுவாகச் சுற்றினால் வெளிச்சம் மங்கிவிடும். கனகாம்பிகை கணுக்காலில் வேறு இடம் தேடிக் குத்துகிறாள். பிள்ளை வீரிட்டுக் கத்துகிறது. அவன் கை தன்பாட்டில் நின்றுவிட, லைற் அணைகிறது.

"அண்ணை, சுத்துங்கோ. ஊசி ஏறிட்டுது, நான் இன்னும் பிளாஸ்ரர் ஒட்டேல்லை."

"பிள்ளை அழுகுது, மிஸி."

"ஓம், அழட்டும். நீங்கள் சுத்துங்கோ."

சுற்றுகிறான். வெளிச்சம் நடுங்கி நடுங்கி வருகிறது. டைனமோ எவ்வளவுதான் இரைந்தாலும் அழுகை அதற்கு மேலால் கேட்கிறது.